குளத்தில் ஊறும் மூங்கிலை இப்போதே எடுக்கச் சொல்ல வேண்டாம் என்று கோரும் மனு

அனுப்புநர்:
திருமதி பைனெம்,
அவித்த கிழங்கு விற்பவர்,
குளத்தங்கரை, சும்பர்பிரிங், ஜாவா.

பெறுநர்:
ஊர்த்தலைவர் அவர்கள்,
ஊராட்சி அலுவலகம், சும்பர்பிரிங்.

பொருள்: சுகாதார நிலையத்தின் பின்புறக் குளத்தில் ஊறும் மூங்கிலை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அகற்றச் சொன்ன உத்தரவை மழை தொடங்கும்வரை நிறுத்திவைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குளம் நாறுகிறது என்று மருத்துவச்சி லெஸ்தாரி கொடுத்த புகார் உண்மை. கர்ப்பிணிகள் வாந்தி எடுத்ததும் உண்மை. அதிகம் எடுத்தவள் என் தங்கை ராத்மி. நானும் எடுத்தேன். ஐயா வேறு மாதிரி நினைக்க வேண்டாம், என் வயதுக்கு அது குளத்தால் வந்ததுதான்.

2. அந்த மூங்கில் ராத்மியின் கூரைக்கானது. வெள்ளத்துக்குப் பிறகு நிவாரணமாக லாரியில் வந்து இறங்கிய மூங்கிலில் கட்டிய பழைய வீடு ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. மழைக்காலத்தில் வெட்டி, ஊறப்போடாமல் கொடுத்தது. கரையான் வெட்டுவாய் வழியாகப் புகுந்து உள்ளே இருந்த இனிப்பைத் தின்றுவிட்டுத் தோலை மட்டும் விட்டுவைத்தது. வெளியே பார்த்தால் புதுசு. ஒருநாள் காலை உத்தரம் முறிந்து சோற்றுப் பானைமேல் விழுந்தது. ராத்மி அப்போதுதான் தண்ணீர் எடுக்க எழுந்து போயிருந்தாள்.

3. அன்று முதல் அவளும் கணவர் சுகிமினும் என் அடுப்படியில் படுக்கிறார்கள். அவர் குறட்டையையும் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

4. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் கரையானை இழுக்கிறது, தண்ணீரில் ஊறினால் அது புளித்துக் கரைந்து போகும் என்று வேளாண் அலுவலர் கூட்டத்தில் சொன்னார். அந்தப் புளிப்புதான் இந்த நாற்றம். நேற்று ஒரு சிம்பை மென்று பார்த்தேன். இன்னும் இனிக்கிறது. இப்போது எடுத்தால் கரையானுக்கு நாமே விருந்து வைத்த மாதிரி. “கட்டி முடிச்சு, அடுத்த வருஷம் உங்க அடுப்படிக்கே வந்துடுறோம் அண்ணி” என்கிறார் சுகிமின். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். கண் சிரிக்கவில்லை.

5. மழை தொடங்கும்போது மூங்கில் ஊறி முடிந்திருக்கும். ஆகவே, அதுவரை கர்ப்பிணிகள் பரிசோதனையை என் வீட்டு முற்றத்தில் நடத்தலாம். வீடு குளத்தங்கரையில் இருந்தாலும் குளத்துக் காற்று முற்றத்துப் பக்கம் வராது. மருத்துவச்சியிடம் கேட்டேன். “நாத்தம் இல்லேன்னா சரி. சூடா கிழங்கும் குடுத்தா ரொம்பச் சரி” என்றார்.

6. குளத்தைக் காலி பண்ணச் சொல்லட்டுமா என்று ராத்மியிடமும் கேட்டேன். “வாந்தி எனக்கு ரெண்டு மாசம்க்கா. கூரை எம் புள்ளைக்கு” என்றாள்.

ஐயா மனம் வைத்து உத்தரவை நிறுத்திவைக்கக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சும்பர்பிரிங்
நாள்: 9 செப்டம்பர் 2012

இப்படிக்கு,
பைனெம்
ராத்மி (மூக்கைப் பொத்திக்கொண்டு சம்மதம்)