மூணாவது போன்

19 ஏப்ரல் 2025, சனி

நாளைக்கு ஈஸ்டர். சேலையூர்ல எல்லா வீட்டுலயும் கேக் பத்திப் பேசுவாங்க. எங்க வீட்டுல காப்பீடு பத்திப் பேசறாங்க. காப்பிக்கு ஈடா ஏதாவது தருவாங்களான்னு கேட்டேன். அப்பா சிரிக்கலை.

மே 31-ம் தேதி அப்பா ரிட்டயர்டு. மறைமலை நகர் கம்பெனியில ஸ்டோர்ஸ் இன்சார்ஜ், இருபத்தாறு வருஷம். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் அன்னைக்கே அவரோட சேர்ந்து மாலை போட்டுக்கிட்டு வெளியே வந்துடும். அம்மாவுக்குப் பதினோரு வருஷமா சுகர். இதுதான் இப்போ பிரச்சினை.

ஏஜென்ட் சிட்டிபாபு அங்கிள் வந்து விளக்கினார். எனக்குப் புரிஞ்ச வரைக்கும்: வேற கம்பெனியில புதுசா பாலிசி எடுத்தா, சுகரால வர்ற எதுக்கும் மூணு வருஷம் பைசா கிடையாது. அதுக்குப் பேர் வெயிட்டிங் பீரியட். (எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பி.டி. பீரியட்.) அரசாங்க கார்டு வாங்கலாம்னா அப்பாவோட போன வருஷச் சம்பளம் தடுக்குது. எழுபது வயசுக்கு மேல தர்ற கார்டு ஒண்ணு இருக்கு. அம்மா இன்னும் பதினாறு வருஷம் அவசரமா வயசாகணும். மிச்சம் ஒரே வழி. இப்போ இருக்குற இன்சூரன்ஸ் கம்பெனியிலயே, 31-ம் தேதிக்குள்ள, தனி பாலிசியா மாத்திக்கணும். அப்போ பழைய வருஷமெல்லாம் கணக்குல வரும். மறுநாளே கால் வலின்னாலும் பார்ப்பாங்க.

"ஆனா சார், சுகர் கிகர்னு எழுதிகினு இருக்காதீங்க. பிரீமியம் ஏறும். ஒண்ணியும் இல்லன்னு டிக் போட்டுக்கினு போய்னே இருங்க"ன்னார் அங்கிள்.

"சபையில நான் கமிட்டி மெம்பர் சிட்டிபாபு. டிக் போடுறப்போ கை நடுங்கும்"ன்னார் அப்பா.

இங்கிலீஷ் ஃபார்ம், போன்லதான் நிரப்பணும். ஆக, நான்தான் எழுதினேன். சுகர், பதினோரு வருஷம், இன்சுலின் ரெண்டு வேளை. எல்லாம் உண்மை. என் வாழ்க்கையிலேயே நான் பொய் கலக்காம எழுதின முதல் பேப்பர்.


26 ஏப்ரல், சனி

என் ஃப்ரெண்ட் அனுப்பிரியா போன்ல இருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு: "வணக்கம் மேடம், இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து தேன்மொழி பேசறேன். உங்க உயரம், எடை, வாரத்துக்கு எத்தனை தடவை புருஷனைத் திட்டுவீங்க?"

அம்மா ரொம்ப மரியாதையா, "அதெல்லாம் கணக்கு வெச்சுக்கலைங்க"ன்னாங்க.

அனுப்பிரியா தரையில உருண்டுட்டா.


8 மே, வியாழன்

ரெண்டாவது தடவை. இப்போ தேன்மொழிக்கு இருமல். "மேடம், பாலிசியில வீட்டுப் பூனையையும் சேர்க்கணுமா?" அம்மா அப்பாகிட்ட போய், "ஏங்க, பூனைக்கும் உண்டாமே"ன்னு கேட்டிருக்காங்க. ராத்திரி சாப்பாட்டு நேரத்துல மாட்டிக்கிட்டேன்.

"இன்னொரு தடவை பண்ணிப் பாருடி. அப்புறம் இந்த ரத்தினபாய் யாருன்னு தெரியும்."

"பார்க்கலாம் ரத்து." (ரத்தினபாயைச் சுருக்கினா ரத்து. நான் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவேன்.)


22 மே, வியாழன்

மாடம்பாக்கத்துல டியூஷன் முடிஞ்சு வந்து செருப்பைக்கூட கழட்டலை, அம்மா ஒரே சிரிப்பு.

"எப்படிடி இருந்துச்சு? வாயடைச்சுப் போனியா?"

"எது?"

"நடிக்காதே. மத்தியானம் போன் பண்ணியே. சுகர் இருக்காம்மான்னு கேட்டியே. ரேஷன்ல வாங்கினது ரெண்டு கிலோ இருக்கு, வேணும்னா வந்து அள்ளிக்கோன்னேன். ஆஸ்பத்திரியில படுத்திருக்கீங்களான்னு கேட்டே. என்னைப் படுக்க வைக்க எவன் பொறந்திருக்கான்னேன். மருந்து மாத்திரை? ஒரு மாத்திரை கிடையாது, கல்லைத் தின்னா கரையும்னேன். கடைசியில போடி சுஜி, போய் படிடின்னு வெச்சேன்."

நானும் சிரிச்சேன். பாதியில நின்னுடுச்சு. என் போன் காலையில இருந்து ஆஃப். டியூஷன்ல வாங்கி வெச்சுடுவாங்க. அனுப்பிரியா கோவளத்துல, அவ மாமா வீட்டுல.

அம்மா போனை வாங்கிப் பார்த்தேன். 1600-ன்னு ஆரம்பிக்குற நம்பர், நிஜமான இன்சூரன்ஸ் கம்பெனிதான். நாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட். திரும்பக் கூப்பிட்டா போகலை.

அம்மா முகம் எப்படி மாறிச்சுன்னு எழுத வரலை.

"அப்பாகிட்ட சொல்லாதே. அதான் ஃபார்ம்ல எல்லாம் எழுதியிருக்கோமே. அதைத்தானே பார்ப்பாங்க?"

"ஆமா"ன்னேன்.

ஆமான்னு எனக்கு எப்படித் தெரியும்?


24 மே, சனி

சொல்லிடலாமா? இன்னும் ஒரு வாரம் இருக்கு.


27 மே, செவ்வாய்

சொல்லலை. அப்பா புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கார், பிரிவு விழாவுக்கு. அளவு சரியான்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருக்கார். அந்த நேரத்துல எப்படி?

இது சாக்கு. தெரியும். சொன்னா தேன்மொழி கதையையும் சொல்லணும்.


31 மே, சனி

சால்வை, சுவர்க் கடிகாரம், கேசரி. அப்பா மைக்ல பேசினார். "என் மனைவி, என் மகள் சுஜி"ன்னு சொல்றப்போ மைக்கை இன்னொரு கைக்கு மாத்திக்கிட்டார். எல்லாரும் கைதட்டினாங்க. அம்மாவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கலை.


11 ஜூன், புதன்

கடிதம் வந்துடுச்சு. 'விண்ணப்பத்திலும் தொலைபேசிச் சரிபார்ப்பிலும் தந்த தகவல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால் ஏற்க இயலவில்லை.'

அப்பா அதை நாலு தடவை படிச்சார். "முரண்படுதா? எங்க முரண்படுது? நாமதான் எல்லாத்தையும் எழுதினோமே!"

அம்மா சொல்லிட்டாங்க, எனக்கு முன்னாடி. "போன் வந்துச்சு. விளம்பரக் கால்னு நினைச்சு என்னமோ உளறிட்டேன்." என் பேரே வரலை.

அப்பா அம்மாவைத் திட்டி நான் பார்த்ததில்லை. இன்னைக்குப் பார்த்தேன். "கையில போன் இருந்தா போதுமா ரத்தினம்? மூளை வேணாமா?" அம்மா அடுப்பைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. நான் கதவு ஓரம் நின்னேன். வாய் இருந்துச்சு, வேலை செய்யலை. பக்கத்து வீடு வரைக்கும் பேர் போன வாய்.


12 ஜூன், வியாழன்

அம்மாவை இனிமே ரத்துன்னு கூப்பிட மாட்டேன்.


30 ஜூன், திங்கள்

அப்பா கிண்டி ஆபீஸுக்கு ரெண்டு தடவை போனார். மருந்துச் சீட்டு எல்லாம் காட்டினார். "31-ம் தேதிக்கு முன்னாடி நீங்களே கூப்பிட்டுத் திருத்தியிருந்தா மறுபடி பேசியிருப்போம் சார். இப்போ பழைய பாலிசியே முடிஞ்சு போச்சே"ன்னாங்களாம்.

ஒன்பது நாள் இருந்துச்சு. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிஞ்ச ஒன்பது நாள்.

சிட்டிபாபு அங்கிள் மூலமா வேற கம்பெனியில புதுசா எடுத்தாச்சு. மூணு வருஷம் காத்திருப்பு. "அதுக்குள்ள ஒண்ணியும் ஆவாது சார், ஜீசஸ் கீறாரு இல்ல"ன்னார் அங்கிள். அப்பா அவருக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிட்டு எழுந்து உள்ளே போயிட்டார்.


9 ஆகஸ்ட், சனி

அம்மா வீட்டுக்குள்ள சாக்ஸ் போட்டுக்கிறாங்க. சென்னையில. ஆகஸ்ட்ல. "குளிருதா, ஊட்டி மகாராணி?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க.


17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனை முடிஞ்சு வந்ததும் அம்மா சோபாவுலயே தூங்கிட்டாங்க. ஏதோ நாத்தம். சாக்ஸைக் கழட்டினேன்.

வலது கால் சுண்டு விரல் கறுப்பா இருந்துச்சு.

செருப்பு கடிச்சு ஒரு மாசம் ஆச்சாம். டாக்டர்கிட்ட போனா சுகர்னு எழுதிடுவாங்க, புது பாலிசியில ஏதாவது கோளாறு ஆயிடும், மூணு வருஷம் சமாளிச்சுட்டா போதும்னு மஞ்சள் வெச்சுக் கட்டியிருக்காங்க. மூணு வருஷம்! அம்மா, அது அப்படி இல்லம்மா. நம்ம ஃபார்ம்லயே சுகர்னு எழுதித்தான் கொடுத்திருக்கு. டாக்டரைப் பார்க்கக் கூடாதுன்னு யார் சொன்னா? ஒருத்தரும் சொல்லலை. ஒருத்தரும் உட்கார்ந்து விளக்கவும் இல்லை. எல்லாத்தையும் படிச்சது நான்தானே?


21 ஆகஸ்ட், வியாழன்

விரலை எடுத்துட்டாங்க. தாம்பரத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அப்பாவோட பி.எஃப். பணம். காலுக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கு, அதையும் சீக்கிரம் சரி பண்ணணும், இல்லன்னா அடுத்தது பாதம்னு டாக்டர் சொன்னார்.

வராந்தாவுல அப்பாவும் நானும் மட்டும். சொல்லிட்டேன். தேன்மொழி, பூனை, மூணாவது போன், ஒன்பது நாள். எல்லாம்.

அப்பா ஆஸ்பத்திரி பில்லை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சார்.

"தெரியும்."

"யாரு... அம்மா சொன்னாங்களா?"

"கிண்டியில அந்த ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினாங்க. 'போடி சுஜி, போய் படிடி'ன்னு முடியுது. அவ்வளவு சந்தோஷமா உங்கம்மா பேசி நான் கேட்டதில்ல."

ஜூன்ல இருந்து தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்கலை. அடிச்சிருக்கலாம்ல அப்பா?


14 செப்டம்பர், ஞாயிறு

அப்பாவோட பழைய கம்பெனி டிரைவர் ஒருத்தர் சர்ச்ல சொன்னார். மாசம் இருபத்தோராயிரத்துக்குள்ள சம்பளம் தர்ற வேலையா இருந்தா இ.எஸ்.ஐ.ன்னு தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிப்பாங்களாம். வீட்டுல இருக்குறவங்களுக்கும் மருத்துவம் உண்டாம். பழைய வியாதின்னு ஒதுக்க மாட்டாங்களாம்.

அப்பா எல்லாப் பக்கமும் சொல்லி வெச்சிருக்கார். ஐம்பத்தெட்டு வயசுக்கு யாரும் ஸ்டோர்ஸ் வேலை தரலை.


6 அக்டோபர், திங்கள்

கிடைச்சிடுச்சு. கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு கிடங்கு. அப்பா காலையில ரயில் பிடிச்சுப் போறார். என்ன வேலைன்னு கேட்டேன். "கேட்ல"ன்னார். அதுக்கு மேல சொல்லலை.


8 நவம்பர், சனி

இ.எஸ்.ஐ.க்குக் குடும்ப போட்டோவும் அம்மாவோட ஆதார் நகலும் இன்னைக்கே வேணும்னு ஆபீஸ்ல கேட்டிருக்காங்க. அப்பா வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டார். நான் எடுத்துட்டுப் போனேன்.

நீலச் சட்டை, தோள்ல பட்டை, தலையில தொப்பி. தொப்பி கொஞ்சம் பெருசு. பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து லாரி நம்பரை நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தார். பக்கத்துல நின்ன இன்னொரு காவலாளி, "இன்னா ஐசக்கண்ணா, பொண்ணா?"ன்னார். அப்பா தலையாட்டினார். வேற நாளா இருந்தா அந்தத் தொப்பிக்கு மட்டும் எனக்குப் பத்து ஜோக் வந்திருக்கும்.

கவரை நீட்டினேன். போட்டோவுல மூணு பேரையும் விரலால தடவிப் பார்த்தார். அப்புறம் ஆபீஸ்ல கொடுத்த தாளை என்கிட்ட நீட்டினார்.

"கண்ணாடி கொண்டு வரலை, பொடி எழுத்தா இருக்கு. உங்கம்மா பேர், வயசு எல்லாம் சரியா இருக்கா பாரு. ரத்தக் குழாய் அடைப்பு மாதிரி பெரிய வைத்தியத்துக்கு இன்னும் சில மாசம் ஆகணுமாம். அதுவரைக்கும் மருந்து, டிரெஸ்ஸிங் எல்லாம் உண்டு."

படிச்சேன். ரத்தினபாய், மனைவி, ஐம்பத்து நாலு. முதல்ல இருந்து மறுபடி படிச்சேன். ஒவ்வொரு எழுத்தா.

"சரியா இருக்குப்பா."

வெளியே ஹாரன். கறுப்புக் கார். அப்பா நோட்டை மூடி வெச்சுட்டு, கேட்டைத் திறக்க எழுந்தார்.