ஓடாமல் நிற்கப் பழகிய கதை

இன்று காலை பனிமூட்டத்தில் தேயிலைக் காட்டுக்குள் இறங்கும்போது அந்த வாடை வந்தது. ஈர மண்ணும் மாட்டுத் தொழுவமும் சேர்ந்த வாடை. காட்டுமாடு எங்கோ கிட்டத்தில் நிற்கிறது. எனக்கு நெஞ்சு திக்கென்றது, கூடவே உன் ஞாபகமும் வந்துவிட்டது. நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. இன்றைக்கு உன்னோடு பேசியே ஆக வேண்டும் போலிருந்தது, அதனால் எழுதுகிறேன்.

ஜெகதளாவுக்கு மேலே அந்தச் சரிவில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் எத்தனை வருஷம் கொழுந்து பறித்திருப்போம். அந்தக் காட்டுமாடு செடிகளைப் பிளந்துகொண்டு வந்த அன்று நீ எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தாய். நான் ஓடினேன். செருப்பு எங்கே போனது என்றுகூடத் தெரியாமல் ரோடு வரைக்கும் ஓடி, அங்கே போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். நீ வரவில்லை. ஆம்பளைகள் தகரத்தைத் தட்டி அதை விரட்டிவிட்டு உன்னைத் தூக்கி வந்தபோது உன் இடது தொடை உடைந்திருந்தது. உன்னை விட்டுவிட்டு ஓடியவள் நான். இதை எழுதவே கை கூசுகிறது.

குன்னூர் ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வருவேன். பன் பாக்கெட்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். நீ என் பிள்ளைகளை விசாரிப்பாய், மழை எப்படி என்று கேட்பாய். அந்த நாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டாய். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குள் நான் உருப்படாதவளாகிவிட்டேன். செடி அசைந்தால் ஓட்டம், குருவி பறந்தால் ஓட்டம். ஒருநாள் சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடியதில் பின்னால் வந்தவள் தடுக்கி விழுந்து கை உடையாமல் தப்பித்தாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். என் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு மாதம் கழித்து நீ காலை இழுத்து இழுத்து வேலைக்கு வந்தாய். யாரோ உனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் சோற்று டப்பாவை மூடிவிட்டு என்னை நிரைக்குள் கூட்டிப்போனாய். "என்ற காலு நடக்கறதயே மறந்து போச்சு. அந்த நர்சம்மா தெனமும் ஒவ்வொரு எட்டாச் சொல்லிக் குடுத்தாங்க. காலுக்குச் சொல்லிக் குடுக்க முடியும்னா, உன்ற மண்டைக்குச் சொல்லிக் குடுக்க முடியாதா புள்ள?"

அந்தக் காலோடு செடிக்குப் பின்னால் குந்தி, நான் எதிர்பார்க்காத நேரத்தில் நீதான் செடியை உலுக்குவாய். நான் ஓடக்கூடாது. கால் இரண்டையும் அகட்டி ஊன்ற வேண்டும். சுடு டீயை ஊதுவதுபோல மூச்சை நீளமாக விட வேண்டும். பிறகு முதுகைக் காட்டாமல் ஒவ்வொரு எட்டாகப் பின்னால் போக வேண்டும். இதெல்லாம் உன் ஏற்பாடு. முதல் இரண்டு வாரம் நான் ஓடிக்கொண்டேதான் இருந்தேன். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நீயும்தான். ஆனால் மறுநாள் மத்தியானம் மறுபடியும் போய்க் குந்திவிடுவாய். எழும்போது வலியில் உன் உதடு கோணுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் நின்றேன். இன்னொரு நாளும் நின்றேன்.

அடுத்த கோடையில் நிஜமாகவே ஒன்று வந்தது. நொண்டும் நீ எனக்குப் பின்னால். நான் ஊதினேன், உன் கையைப் பிடித்தபடி பின்னால் பின்னால் நகர்ந்தேன். அது நம்மைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனது. ரோட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தேன். நீ என் முதுகைத் தடவிக்கொண்டே, "நீ ஊதின ஊதல்ல மாட்டுக்கே சளி புடிச்சிருக்கும் புள்ள" என்றாய்.

கடைசியில் உன் வயிற்றில் வந்த கட்டி நம்மைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் உட்கார வைத்தது. இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு உன் வீட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய் நின்றுவிட்டார், அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். எனக்கும் எழுந்து ஓடிவிடத்தான் தோன்றியது. அன்றுதான் இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன், உன்னை விட்டுவிட்டு ஓடினேனே, அது உனக்கு மனதில் இல்லையா என்று.

கண்ணைத் திறக்காமலே சொன்னாய். "நாந்தான புள்ள உன்ன ஓடுன்னு கத்துனேன். உனக்குக் காதுல உழுகல."

எத்தனை தடவை யோசித்துப் பார்த்தாலும் நீ கத்தியது எனக்கு ஞாபகத்தில் இல்லை. நிஜமா, என்னைத் தேற்றச் சொன்ன பொய்யா, இனி யாரைக் கேட்பேன்? பொய்யாக இருந்தால் உன் மேல் எனக்கு இன்னும் பிரியம்தான் கூடுகிறது.

மறுநாள் சாயங்காலம் உன் மூச்சு விட்டு விட்டு வந்தது. நர்ஸ் என்னை வெளியே இருக்கச் சொன்னாள். நான் இங்கேயே இருக்கிறேனுங்க என்றேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை நீளமாக விட்டேன், மறுபடியும் விட்டேன். உன் கை சில்லிட்ட பிறகும் எழவில்லை.

பயம் எனக்குப் போகவில்லை, உனக்கே தெரியும். ஆனால் ஒருமுறை உன்னை விட்டு ஓடியவள், கடைசி மூச்சு வரைக்கும் உன் பக்கத்தில் இருந்தாள். அந்த ஒரு சாயங்காலத்தை வைத்துக்கொண்டுதான் நான் தலை நிமிர்ந்து நடக்கிறேன்.