புலம்பல் மணி

ப்ளாக்வுட் மேடு, டாஸ்மேனியா
நவம்பர் 14, வியாழன்

அன்பு மகள் டாம்சினுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை கடையில், உறைந்த பட்டாணிப் பெட்டியின் கதவைத் திறந்து பிடித்தபடி பத்து நிமிடம் அழுதேன். உன் அத்தை நோலா எங்கிருந்தோ முளைத்து, "என்ன ரோண்டா, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?" என்றாள். வெங்காயம் என்றேன். தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வெங்காயத்தக் காணோமே!" என்றாள். இந்நேரம் கடற்கரை ஊர்கள் வரைக்கும் செய்தி போயிருக்கும்.

வேடிக்கை இல்லாமல் உனக்கு ஒரு கடிதம் எழுதும்படி உன் டாக்டர் சொல்லியிருக்கிறார். இது மூன்றாவது முயற்சி. முதல் இரண்டும் பால்பண்ணைச் சங்கத்து ஆண்டு விழாவில் நான் பேசுகிற பேச்சு மாதிரியே வந்தன, அடுப்பில் போட்டுவிட்டேன். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு வாக்கியத்தை நேராகச் சொல்ல வரவில்லை எனக்கு. பட்டாணியில் ஆரம்பித்திருக்கிறேன் பார்.

இங்கே மழை நின்று புல் அறுத்தாயிற்று. பிஸ்கட் வாலைச் சுருட்டிக்கொண்டு உன் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறது. சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வருகிறது, அதுவும் நாய்க்கு நாம் ஏதோ கடமைப்பட்டவர்கள் போல.

புலம்பல் மணி இப்போது இல்லை. அப்பா அதைக் கழற்றிக்கொண்டுபோய்க் குட்டையில் வீசிவிட்டார். சாப்பாட்டு மேசைக்கு மேலே அந்த ஆணி மட்டும் நிற்கிறது. பூசணிக்காய் வேண்டாமென்று ஆறு வயதில் நீ அடம்பிடித்த அன்று, கிழட்டுப் பசு டச்சஸின் கழுத்து மணியை அவர்தான் அங்கே மாட்டினார். மேசையில் யார் புலம்பினாலும் மற்றவர்களில் ஒருவர் மணியை அடிப்பார். புலம்பியவர், சூடு ஆறாமலிருக்கத் தேநீர்க் கூஜாவுக்கு மாட்டும் கம்பளிக் குல்லாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். எவ்வளவு சிரித்திருப்போம்! இந்தக் கதையை நான் சொல்லாத கூட்டம் இந்த மாவட்டத்தில் இல்லை. ரோண்டா வீட்டில் சோகத்துக்கு இடமே கிடையாது என்பார்கள். எனக்கு அது பதக்கம் மாதிரி இருந்தது.

பில் சித்தப்பா இறந்துபோனபோது அப்பா இரண்டு வாரம் கறவைக் கொட்டகையை விட்டு வரவில்லை, ஞாபகமிருக்கிறதா? பிறகு ஒருநாள் மேசைக்கு வந்து, முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பில் இல்லாம எனக்கு..." என்று தொடங்கினார். மணி அடித்தது. அவரும் குல்லாவைப் போட்டுக்கொண்டார். கூஜாவின் மூக்குக்காகக் குல்லாவில் விட்ட துளை வழியாக அவர் காது தெரிந்தது. நாம் சிரித்தோம். அவர் அந்த வாக்கியத்தை இன்றுவரை முடிக்கவில்லை.

செப்டம்பரில், கன்று ஈனும் காலத்து நெருக்கடியில், நீ அதே மேசையில் சொன்னாய்: "காலைல கண்ண முழிக்கவே பிடிக்கலம்மா." மணி அடித்தது. குல்லாவோடு உருளைக்கிழங்கை முழுவதும் சாப்பிட்டாய், தட்டைக்கூடக் கழுவிவைத்தாய். மறுநாள் காலையில் ஆம்புலன்ஸ் வந்தது.

குடும்பத்தோடு பேச வேண்டுமென்று டாக்டர் கூப்பிட்ட அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். அந்த வீட்டில் எதையும் சொல்ல முடியாது என்றாய். டாக்டர் கேட்டார், "அன்னிக்கி மணி அடிச்சது யாரு?" நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பா" என்றாய். அப்பா தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஆமா கண்ணு, நான்தான். மன்னிச்சிடு" என்றார். நான் சுவரில் இருந்த திமிங்கலப் படத்தைப் பார்த்தேன். நல்ல படம். அதன் வாலில் எத்தனை வடு என்று என்னால் இப்போதும் சொல்ல முடியும்.

அதற்கு மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த, நீ எழுதிக்கொடுத்த பட்டியலில், ஞாயிறு பார்வையாளர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது.

அப்பா சவரம் செய்வதில்லை. நின்றபடியே சாப்பிடுகிறார். காலைக் கறவைக்குப் பக்கத்துப் பண்ணை கெவின் வருகிறான். பசுக்களை மறந்துவிட்டு அப்பா கொட்டகையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருப்பதாக அவன்தான் சொன்னான். என்ன மெர்வ், உடம்பு சரியில்லையா என்று நான் கேட்டதற்கு, "புலம்பக் கூடாதுல்ல" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, டாம்சின். எனக்குப் பயமாக இருக்கிறது. துப்பாக்கி அலமாரிச் சாவியைக் கெவினிடம் கொடுத்துவைத்திருக்கிறேன்.

நான் உன்னைப் பார்க்க வரும் ஞாயிறுகளில் காரை ஓட்டி வருவது அவர்தான், உனக்குத் தெரியாது. ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, மூன்றாவது ஜன்னலைப் பார்த்துக் கையசைப்பார். உன் ஜன்னல் என்று நினைப்பு. அது படுக்கை விரிப்பு அடுக்கிவைக்கும் அறை என்று நர்ஸ் சொன்னாள். ஐந்து வாரமாக அவர் தலையணை உறைகளுக்குக் கையசைக்கிறார். இதைச் சொன்னால் நீ சிரிப்பாய் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்தபோது எனக்கே சிரிப்பு வரவில்லை.

கண்ணு, இந்த ஞாயிறு அவர் பெயரை எழுதிக்கொடு. ஒருவருக்குத்தான் இடம் என்றால் என் பெயரை அடித்துவிடு. தலையணை உறைகளுக்கு நான் கையசைத்துக்கொள்கிறேன். நீ வீட்டுக்கு வர வேண்டாம். வா என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை. காலையில் கண் விழி. அது மட்டும் போதும். ஒவ்வொரு காலையும் விழி.

உன் நலத்தையே வேண்டிக்கொண்டிருக்கும்
அம்மா ரோண்டா

பி.கு.: செப்டம்பரில் உனக்கு மணி அடித்த அந்தச் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா மேல்வயலில் இருந்தார், வயிற்றில் கன்று குறுக்கே திரும்பிக்கொண்ட பசுவோடு. மேசையில் நீயும் நானும் மட்டும்தான். அவர் உள்ளே வந்தபோது நீ தட்டைக் கழுவி முடித்திருந்தாய்.