நன்றாகக் கேட்கிறவள்

அன்பு மகனுக்கு,

இறைவன் உன்னையும் மருமகளையும் தன் நிழலில் வைத்திருப்பானாக. எங்கள் நலத்தை முதல் வரியில் எழுதும் வழக்கத்தை இம்முறை தள்ளிவைத்திருக்கிறேன்.

வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நீ நற்பழக்கங்களைப் பயிற்றுவிக்கிறாய் என்பதில் உன் அம்மாவுக்குள்ள பெருமை என் எழுத்தில் அடங்காது. விடியுமுன் எழுவது, கடினமான வேலையை முதலில் முடிப்பது, குறுக்கே பேசாமல் பிறர் சொல்வதை முழுதும் கேட்பது என்றெல்லாம் நீ அச்சடித்து அனுப்பிய அட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. நடமாட்டமாக இருந்த நாளில் பால்காரரை அதன் முன் நிறுத்தி, "என் பையன் எழுதினது. நீங்களும் நேரத்துக்கு வரப் பழகுங்க" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

சென்ற ஞாயிறு நீ தொலைபேசியில், "முன்னெல்லாம் என்னைப் பேசவே விடமாட்டியேம்மா. இப்ப என் வகுப்புக்கு வர்றவங்களைவிட நீதான் நல்லா கேக்குறே" என்று மெச்சினாய். அன்று முழுதும் அவள் முகத்தில் அந்தப் பூரிப்பு இருந்தது.

மகனே, அவள் கேட்கப் பழகவில்லை. அவளால் பேச முடியவில்லை.

வெறும் இருமல் என்று உனக்குச் சொல்லிவந்தது நுரையீரல் நோய். முற்றிவிட்டது. உன் அழைப்புக்கு முன் தலையணைகளை முதுகுக்கு அண்டைகொடுத்து உட்காரவைக்கச் சொல்வாள். வெந்நீர் குடித்துவிட்டு, "நல்லா இருக்கேன்டா கண்ணா" என்பதை மூச்சு அறுபடாமல் சொல்லிப் பார்ப்பாள். வாரம் முழுதும் அதே பயிற்சி. பின்பு அது "நல்லா இருக்கேன்" ஆயிற்று. இப்போது "ம், சொல்லு". அதற்கே அவள் படும் பாட்டை, தொலைபேசியை அவள் காதருகே பிடித்துக்கொண்டு நிற்கும் நான் பார்க்கிறேன்.

மாலைகளில் திருமறை படித்துக்காட்டுகிறேன். நேற்று, "போதும், கடவுளுக்கே கொட்டாவி வந்துடும்" என்று விட்டுவிட்டுச் சொல்லிச் சிரிக்க முயன்றாள். பிரிவைப் பாடிய செய்யுட்கள் எத்தனைக்கோ பொருள் விரித்து அவையில் பேசியிருக்கிறேன். இன்று அவற்றுள் ஒன்றும் எனக்குத் துணைவரவில்லை.

மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, "பையனை வரச் சொல்லுங்க ஐயா. அடுத்த ஞாயித்துக்கிழமைன்னு தள்ளாதீங்க" என்றார். ஆனால் மூச்சுத் தடையின்றிப் பேச முடிந்த காலத்திலேயே உன் அம்மா, "அவனுக்குப் போன் பண்ணிச் சொல்லிடாதீங்க. இப்பதான் அவன் வாழ்க்கை ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கு. நானா அதைக் கலைக்கணும்?" என்று திருமறைமேல் என் கையை வைத்து வாக்கு வாங்கிவிட்டாள். தொலைபேசியில் சொல்லமாட்டேன் என்பதே வாக்கு. எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அந்த நூலிழையைப் பற்றிக்கொண்டு எழுதுகிறேன். எதிர்வீட்டு லாரி ஓட்டுநர் இன்று உன் ஊருக்குச் சரக்கேற்றிப் போகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

படித்ததும் புறப்படு. அவளை அழைத்துப் பேசிவிட்டு வரலாம் என்று எண்ணாதே. உன் குரல் கேட்டால் மீண்டும் மூச்சைச் சேர்க்க முயல்வாள்.

ஏன் வந்தாய் என்று அவள் கண் கேட்கும். அலுவலக வேலையாக இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல். உன் ஒழுங்கைக் கலைத்துவிட்டோம் என்ற எண்ணத்தோடு அவள் போகலாகாது. பொய் ஆகாது என்று உனக்குச் சொல்லி வளர்த்த நானே இதைக் கேட்கிறேன். அதன் பாவம் முழுதும் என்னைச் சேரட்டும்.

வழித்தடை ஏதுமின்றி இறைவன் உன்னைக் கொண்டுவந்து சேர்ப்பானாக.

உன்
அப்பா