நான்கு மணி நேர வேலைக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

புதுக்கோட்டை,
புதன்கிழமை

அன்பு மகன் நேசக்குமாருக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் உன் தங்கை பெனிஷாவும் சுகம், கடல் கடந்து சோஹாரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் வீடியோவில் பார்த்தபோது கன்னம் ஒட்டிப் போனது மாதிரி இருந்தது, ரூம் வெளிச்சம் அப்படியா இல்லை ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிடுகிறாயா என்று தெரியவில்லை. போனில் சொல்ல வேண்டியதை அம்மா ஏன் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று சிரிப்பாய். போனில் பேசினால் பக்கத்தில் பெனிஷா இருக்கிறாள், அவள் இல்லாத நேரம் நீ டூட்டியில் இருக்கிறாய், இரண்டும் ஒத்து வந்தால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். மேலே பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருக்கிறேன், போன தடவை மாதிரி கடைசிப் பக்கத்தை முதலில் வாசித்துவிட்டு அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று பதறாதே. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, பிரஷர் மாத்திரை தீருவதற்கு முன்பே வாங்கி வைத்துவிட்டேன்.

விஷயம் பெனிஷாவின் வேலைதான். நீ தேவபிரசாதம் அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொன்னதால்தான் டவுனில் ஹார்பர் பக்கம் அவருடைய கப்பல் சரக்குக் கிளியரிங் ஆபீசில் அவளுக்கு இடம் கிடைத்தது. சோஹாருக்குப் புறப்படுகிற வரை நீ உட்கார்ந்து டைப் அடித்த அதே மேஜையாம், டிராயரில் உன் பழைய சீப்பு கிடந்தது என்று எடுத்து வந்து காட்டினாள். காலையில் காலேஜ், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஆபீஸ், நான்கு மணி நேரம், பிறகு பஸ் பிடித்து வீடு. அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்து பி.எஃப்.இல் பெயர் ஏறுகிற பிள்ளைகளுக்கு அரசாங்கமே ஒரு மாதச் சம்பளம் அளவுக்குக் கொடுக்கிறது, ஆள் எடுத்த முதலாளிக்கும் மாதாமாதம் ஏதோ கொடுக்கிறது என்று ஒரு திட்டம் வந்திருக்கிறதல்லவா, அதில் இவளைச் சேர்க்கிறேன் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அரை நாள் வேலை என்றால் கேள்வி வரும், அதனால் காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை முழுநேரம் என்று காட்டி, சம்பளத்தையும் அதற்குத் தக்கபடி கூட்டிக் காட்டிவிடுவோம், யாராவது போன் போட்டு விசாரித்தால் நீயும் அப்படியே சொல்லிவிடு என்றாராம். அவள் உன்னிடம் கேட்டாள், நீயும், எல்லாரும் செய்கிறதுதான், சும்மா சொல்லு என்று சொல்லிவிட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலேஜில் காலை வகுப்புக்கு அவள் வந்திருக்கிறாள் என்று பதிவாகிறது. அதே காலையில் ஆபீசிலும் இருந்தாள் என்று பதிவானால் ஒரே பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் எப்படி இருப்பாள்? நாளைக்கு யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணாச்சி எப்படியாவது பேசித் தப்பித்துக்கொள்வார், இருபது வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? ஆதாரோடு அவள் முகத்தையும் போனில் காட்டிப் பதிய வேண்டுமாம். முதல் வேலை என்கிற சலுகை ஒருவருக்கு ஒரே தடவைதான் என்கிறார்கள், படிப்பு முடிந்து நிஜமாகவே முழுநேர வேலைக்குப் போகிறபோது அந்தக் கதவு சாத்தியிருக்கும். இப்போது படிப்புக்கு மாதாமாதம் வருகிற உதவித்தொகையையும் நிறுத்திவிடுவார்களோ என்று அது ஒரு கவலை. இதையெல்லாம் சொன்னால், எப்பப் பாத்தாலும் பயந்துக்கிட்டேதான் இருப்பியளா என்று கேட்கிறாள். ஆமாம், பயந்துகொண்டேதான் இருப்பேன், பெற்றவள் வேறென்ன செய்வாள். ஆனால் அவள் கெட்ட பிள்ளை இல்லை. காலேஜில் எல்லாரும் லேப்டாப் வைத்திருக்கிறார்கள், இவள் போனிலேயே எல்லாவற்றையும் அடித்துக் கண் சிவந்து போகிறது. அந்தப் பணம் வந்தால் வாங்கலாம் என்று மனசில் வைத்திருந்தாள்.

இதற்கு நடுவில் நானும் ஒரு காரியம் செய்துவிட்டேன். போன மாதம் முதல் ஞாயிறு அவளுடைய முதல் சம்பளத்துக்கு ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தேன். கவரின் மேல் எழுதுகிறதைக் குருவானவர் அப்படியே வாசிப்பார் என்று உனக்குத் தெரியும். எல்லாரையும் போல மகளுக்கு வேலை கிடைத்ததற்காக என்று எழுதி முடித்திருக்கலாம். பேனாவை எடுத்த பிறகு கை நிற்கவில்லை, காலேஜில் படித்துக்கொண்டே மத்தியானம் நான்கு மணி நேரம் வேலை பார்க்கக் கிருபை செய்ததற்காக என்று எழுதிவிட்டேன். குருவானவர் மைக்கில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். முன்வரிசையில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார், அவர் பிடரி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, அது அசையவே இல்லை. வேண்டுமென்றே எழுதினேனா யோசிக்காமல் எழுதினேனா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் அவர் கோபமாகப் பேசவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "தங்கச்சி, நாலு மணி நேரம்னு ஆண்டவருக்குத் தெரியும்லா, ஊருக்கும் சொல்லணுமாக்கும்?" பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் பெனிஷா புதுக்கோட்டை வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். அதிலிருந்து என்னிடம் தேவைக்குத்தான் பேசுகிறாள்.

அண்ணாச்சி ஒரு மாதம் போகட்டும் என்று விட்டிருந்தார். இப்போது பெனிஷாவிடம், திங்கட்கிழமை ஆதாரை எடுத்துக்கொண்டு வா, எப்படிப் பதிவது என்று வீட்டில் கேட்டுச் சொல் என்றிருக்கிறார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் தெரு முனையில் கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி., பி.எஃப். வேலையெல்லாம் பார்த்துக் கொடுக்கிற சிவப்பிரகாஷ் இருக்கிறானே, அவனிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். அவன் சொல்லுகிறான், அரை நாளா முழு நாளா என்பது பெரிய விஷயமில்லையாம். உண்மையில் கொடுக்கிற சம்பளத்தையே காட்டி, அதற்கு பி.எஃப். பிடித்து, ஆறு மாதம் விட்டுப் போகாமல் கட்டினால் அரை நாள் பிள்ளைக்கும் கிடைக்க வழி இருக்கிறதாம். வாங்குகிற சம்பளத்துக்குத் தக்கபடிதான் வரும், முதலாளிக்கும் கொஞ்சமாகத்தான் வரும், எதற்கும் பி.எஃப். ஆபீசில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள் என்றான். எனக்குப் பாதி உயிர் வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது, பொய் சொல்லாமலே கிடைக்கக்கூடியதற்கா இத்தனை நாள் வீட்டில் இந்தப் பாடு. வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அடுத்த கவலை பிடித்துக்கொண்டது, ஏப்ரலில் பரீட்சைக்கு லீவு போட்டால் அந்த ஆறு மாதக் கணக்கு அறுந்து போகுமோ என்று. உன் அப்பா, ஒரு கவலை போனா அந்த இடத்த சும்மா விடமாட்டா என்று சிரிக்கிறார்.

ஏலே நேசம், சிவப்பிரகாஷ் சொன்னதை நான் பெனிஷாவிடம் சொன்னேன். எழுந்து போய்விட்டாள். நான் சொல்லி அவள் மாறினால் அம்மாவிடம் தோற்றதாக நினைக்கிறாள். உன் வார்த்தைதான் அவளுக்கு வேதவாக்கு. சும்மா சொல்லு என்று சொன்ன அண்ணனே, வேண்டாம்மா, நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் அவளுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அண்ணாச்சியிடமும் நீதான் பேச வேண்டும். அவர் நமக்கு நல்லது செய்தவர், அவரை நான் கோயிலில் வைத்துத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்கிற வருத்தம் எனக்கு உண்டு. அதையும் அவரிடம் சொல். உள்ளதை உள்ளபடி காட்டினால் அவருக்கும் பயமில்லாத தூக்கம் வரும் என்று தன்மையாகச் சொல். முடியாது என்று அவர் சொன்னால் திட்டம் வேண்டாம், இந்த நான்கு மணி நேர வேலை மட்டும் போதும் என்று கேட்டுப் பார். அதற்கும் முடியாது என்றால் வேலை போகட்டும், லேப்டாப்புக்கு நாம் வேறு வழி பார்ப்போம்.

நேற்று அவளுக்கு இரண்டாம் மாதச் சம்பளம் வந்தது. இன்றைக்குக் காலையில் காலேஜுக்குப் புறப்படும்போது காணிக்கைக் கவரை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே பணம் வைத்து ஒட்டி, மேலே தன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறாள். எதற்காக என்று எழுதுகிற இடத்தை அப்படியே விட்டிருக்கிறாள். இதுவரை அந்தப் பிள்ளை எதையும் பாதியில் விட்டதில்லை. அவளும் உன் போனுக்குத்தான் காத்திருக்கிறாள் என்று என் மனசு சொல்கிறது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உனக்கு நல்ல புத்தியும் நல்ல சரீர சுகமும் தருவாராக. ராத்திரி வெறும் டீயோடு படுக்காதே, கிரேன் பக்கம் போகிறபோது போனைப் பார்த்துக்கொண்டு நடக்காதே. அண்ணாச்சியிடம் பேசுகிறதைத் திங்கட்கிழமை வரைக்கும் தள்ளிப் போடாதே. ஞாயிற்றுக்கிழமை முதலில் வருகிறது, கவர் என் பைபிளுக்குள் இருக்கிறது, அதில் நான் என்ன எழுத என்று சொல்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
இன்பமணி சுந்தர்சிங்