மதினியும் கற்றாழை நார்க் கதவும்

என் அருமை மதினிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மேல் எனக்குப் பொறாமை. நீங்கள் இருந்தபோதும் இருந்தது. காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகியும் தீரவில்லை.

வத்திராயிருப்பிலிருந்து அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தீர்கள். நாங்களோ ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்துப் பிழைத்த குடும்பம். தொண்ணூற்றொன்றில், கற்றாழை நாரைப் பிளாஸ்டிக் ரெசினில் பதித்துக் குளியலறைக் கதவு செய்ய அண்ணன் கொட்டகை போட்டபோது, நாரைப் பக்குவம் செய்யும் வேலையை நான்தான் கேட்டு வாங்கினேன். காஸ்டிக் சோடா எனக்குத் தெரியாததா?

துணியைப் போலவே நாரையும் கொதிக்கக் கொதிக்க வேகவைத்தேன். ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டேன். சட்டென்று மூழ்கியது. பேண்டேஜ் துணிக்கு அதுதானே நல்ல அடையாளம்! துள்ளிக் குதித்தேன். அந்த நாரில் செய்த முதல் கதவு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டில் ஈரம் குடித்து வீங்கி, வீட்டுக்காரரை உள்ளேயே வைத்துப் பிடித்துக்கொண்டது.

“ஏட்டி, புண்ணுக்கா கட்டப் போறோம்? கதவுட்டி இது. தண்ணி குடிக்கவே கூடாது” என்று சிரித்தீர்கள். பிறகு நாரை லேசான காஸ்டிக் தண்ணீரில் கொஞ்ச நேரம் மட்டும் ஊறவைத்து, நன்றாக அலசி, மொறுமொறுவென்று காயவைத்து ரெசினில் பதித்தீர்கள். அந்தக் கதவு வீங்கவே இல்லை.

“எம் மருமவ கைவாகு எவளுக்கு வரும்?” என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். பெற்ற மகள் பக்கத்தில் நிற்கிறாளே என்ற நினைப்பாவது இருந்ததா? எனக்கு வயிறெரிந்தது.

இப்போது எல்லாக் கதவும் என் கையால்தான். வாங்க வருகிறவர்கள் தட்டிப் பார்த்துவிட்டு, “அவிய பக்குவம் அப்படியே இருக்கு” என்கிறார்கள். அவிய என்றால் நீங்கள்! உயிரோடு இருப்பவரோடு என்றால் மல்லுக்கட்டி ஜெயிக்கலாம். இனி நீங்கள் ஒரு தப்பும் செய்யப்போவதில்லை; நான் தினமும் செய்வேன். இது என்ன நியாயம், மதினி?

நேற்று கொட்டகைக்குப் பெயர்ப்பலகை எழுத ஆள் வந்திருந்தார். “அவ பேரப் போடுவோமாட்டி?” என்று அண்ணன் கேட்டார்.

“செய்யுறது நானு, பேரு அவியளுக்கா?” என்று கத்திவிட்டேன். அண்ணன் நாரை உதறிக் காயப்போடப் போய்விட்டார். கடைசியில் நானேதான் உங்கள் பேரைச் சொன்னேன். பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன்.

பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இனி ஒரு கதவு வீங்கினாலும் ஊர் உங்களைத்தான் ஏசும். அதை மட்டும் நான் இருக்கும்வரை நடக்க விடமாட்டேன்.

இன்னும் வயிறெரியும்,
உங்கள் ஒரே நாத்தனார்