கூடைமேல் போட்ட சாக்கு

1944, மார்கழி, வெள்ளிக்கிழமை

தாய்க்கோழியை நாய் கவ்விப் போனபின் நான் கூடையில் வைத்துக் காத்த பதினொரு குஞ்சுகளில், மூன்று நாளில் ஆறு செத்துவிட்டன. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த அண்ணியின் கண் பட்டதால்தான் என்று நேற்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவள் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று காலை மீதிக் குஞ்சுகளும் ஓயாமல் கத்தின. குளிருகிறது என்று நினைத்து, அடுப்பை ஒட்டி வைத்திருந்த கூடைமேல் இன்னொரு சாக்கையும் போட்டேன். நைனா வந்து இரண்டு சாக்கையும் உருவி எறிந்தார். குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு, வாயைப் பிளந்து இளைத்துக்கொண்டிருந்தன.

"குளிரு இல்லம்மா, வெக்க தாங்காம கத்திகினு இருக்குதுங்க. நீயே வேக வச்சிட்டியே! போயி அண்ணிகிட்ட சொல்லு."

கூடையை வாசலில் வைத்ததும் கத்தல் அடங்கியது. ஐந்தும் நொய் கொத்தத் தொடங்கின.

சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னுதுதான் அண்ணி. வந்து பாருங்க" என்றேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் வரல. மிச்சம் இருக்கறதாவது பொழைக்கட்டும். நீ போம்மா."

அண்ணி வீட்டில் இல்லை என்று நைனாவிடம் சொல்லிவிட்டேன்.